மிக்கேலின் இடது கன்னம்

முகத்தை அளப்பது என் பிழைப்பு. துணியை அளந்து கொடுத்தால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம் வரும். முகத்தை அளந்து சொன்னால் ஒருத்தருக்கும் வராது.

புற்று, விபத்து, நாய்க்கடி என்று கன்னத்தையோ மூக்கையோ இழந்து திருநெல்வேலிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் டாக்டர் தொடையிலிருந்தோ கையிலிருந்தோ சதை எடுத்து ஒட்டுவார். ஒட்டியது ஆறிய பிறகு இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பவள் நான்.

கயிறு பிடித்த கதை

சீவலப்பேரி இசக்கியம்மாளுக்குப் புகையிலையால் போன கன்னம். கண் ஓரத்திலிருந்து வாய் ஓரம் வரை, மூக்கிலிருந்து காது வரை என்று மூன்று மூன்று தடவை அளந்தேன். நாற்று நடுகிறவள், பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நாலாவது தடவை காலிப்பரை எடுத்ததும் சொன்னாள்: "நாங்க கயிறு புடிச்சு நாத்து நட்டாக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டோம் தாயி."

ஜரினா வந்தாள்

பதினாறு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் முகத்தை ஒரே நிமிஷத்தில் அளக்கும் கேமரா ஒன்று வந்தது. அதை இயக்க மேலப்பாளையத்திலிருந்து ஜரினா வந்தாள். உங்கள் ஆபீசிலும் ஒரு ஜரினா வந்திருப்பாள், ஆகவே என் வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர், புது மூக்குக்காரர், வரும்போதெல்லாம் எனக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவருவார். ஜரினா வந்த பிறகு ஒருநாள் பெட்டி நேராக அவள் மேசைக்குப் போனது. என்ன அண்ணாச்சி, என்னிடம் வரவில்லையா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் சொன்னார்: "நீ அளந்தா என்னைய எடை போடுத மாதிரி இருக்கும்மா. அந்தப் பிள்ள அளந்தா கல்யாண வீட்டுல போட்டோ எடுக்க மாதிரில்லா இருக்கு."

அவள் முகம்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைக் கண்ணாலேயே அளக்க ஆரம்பித்தேன். ஒரு கோணல் கிடைக்காதா என்ற ஆசை. கிடைத்தது, இடது புருவம் கொஞ்சம் தூக்கல். அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. டப்பாவை மூடிக்கொண்டே அவள் கேட்டாள்: "நீங்க பாக்கதப் பாத்தாலே தெரியுதுக்கா. எத்தன மில்லிமீட்டர்?"

சட்டைப் பை

உவரி மிக்கேலுக்குப் படகில் கயிறு அறுந்து அடித்து இடது கன்னம் போனது. ஒட்டிய கன்னம் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் வலதைவிடக் கொஞ்சம் உப்பல். இன்னொரு முறை கத்தி வைத்தால் மூன்று மாதம் கடலுக்குப் போக முடியாது. பழைய முகமே அப்படி இருந்திருக்கலாம், விட்டுவிடலாம் என்றாள் ஜரினா. நான் விடவில்லை. விபத்துக்கு முன்னால் அவன் போனில் தன்னைத்தானே எடுத்த படத்தை வாங்கி அளந்தேன். அதில் வலது கன்னம்தான் உப்பல். இடதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மெஷினைவிட உங்கள் கண் மேல் என்று டாக்டர் ஜரினாவை வைத்துக்கொண்டே சொன்னார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமை காலை ஜரினா அந்தப் படத்தை என் முன்னால் வைத்து மெதுவாகக் கேட்டாள், இவருக்கு மட்டும் சட்டைப் பையை வலது பக்கம் தைத்திருக்கிறார்களா என்று. படத்தை வாங்கிப் பார்த்தேன், எல்லாருக்கும் இடது பக்கம் இருக்கும் பை அதில் வலது பக்கம் இருந்தது. முன்பக்கக் கேமராவில் தானே எடுத்த படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழுந்திருக்கிறது. அவனுக்குப் பிறவியிலேயே இடது கன்னம்தான் உப்பல். டாக்டர் அவன் பழைய முகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதை வெட்டச் சொன்னவள் நான். இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் ஜரினா. இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று அந்த நேரத்திலும் எரிச்சல்தான் வந்தது.

போய்ச் சொன்னேன். டாக்டர் நான் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்தார். வார்டில் மிக்கேலிடமும் அவன் மனைவியிடமும் நானே மன்னிப்புக் கேட்டேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்: "இது எம் பழைய மூஞ்சிதான்னு இவ அன்னைக்கே சொன்னா யக்கா. எங்ககிட்ட யாரும் கேக்கலயே."

இப்போதெல்லாம் எந்தப் பழைய படம் வந்தாலும் முதலில் சட்டைப் பையைப் பார்க்கிறேன், அடுத்து வீட்டுக்காரியைக் கேட்கிறேன், அதற்குள் ஜரினா அளந்து முடித்துவிடுகிறாள்.