பொட்டு வைக்காத மூன்று பாட்டில்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரை செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள். பரவைப் பக்கம் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை கிடைத்து, அங்கே நாள் முழுக்க முகமூடி கட்டியிருக்க வேண்டும் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

வாழைக்கன்றின் குருத்து நுனியைச் சின்னதாக வெட்டி, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் வளர்ப்போம். ஒன்று நாலாகும். அந்த நாலையும் பிரித்து வைத்தால் இன்னும் பெருகும். அத்தனையும் தாயின் அச்சு அசல் நகல். குளோனிங் என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான்.

சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒற்றைக் கன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் குடும்பம் மட்டும் காப்பாற்றி வந்த வாழை ரகம் அது. வாடல் நோயில் தோட்டமே போய்விட்டது. நோய் இல்லாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"மரபணுவ கிரபணுவ மாத்திப்புட மாட்டீகளே தங்கச்சி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது வேறு வேலை அண்ணே என்றேன். வேறோர் உயிரின் மரபணுவைச் செல்லுக்குள் நுழைப்பது அது. நாங்கள் எதையும் நுழைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. நீங்கள் மல்லிகைக் கொடியை மண்ணில் மடக்கிப் பதியம் போடுகிறீர்களே, அதுவும் குளோனிங்தான், நாங்கள் பாட்டிலில் செய்கிறோம் என்றேன். நகல் என்பதால் நோயைத் தாங்கும் சக்தியும் புதிதாக வராது, நோய் விழாத வேறு நிலத்தில் நடுங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை வந்தபோது அவருடைய கன்று முப்பத்தெட்டு பாட்டிலாகியிருந்தது. கத்தி, மேசை, கதவு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான் அதோடு நிற்கவில்லை. அந்த அண்ணனின் பாட்டில்கள் நல்லபடியாக வரட்டும் என்று மூடி மூடியாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். மறுநாள் அதே மூடிகளைத் திறந்து செடிகளைப் புதுக் கூழுக்கு மாற்றினேன்.

நாலாம் நாள் கூழின் மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. பூஞ்சை. சந்தனத்தோடு ஒட்டியிருந்த பூஞ்சை வித்து, மூடியைத் திறந்தபோது உள்ளே விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத தூசிக்கே பயந்து முகமூடி கட்டிக்கொள்கிறவள், கிண்ணத்துச் சந்தனத்தைக் கையாலேயே அப்பியிருக்கிறேன். என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன். மூன்று பாட்டில்கள் மட்டும் தெளிவாக இருந்தன. கடைசி அடுக்குக்குப் போனபோது சந்தனம் தீர்ந்துவிட்டதால் பொட்டு வைக்காமல் விட்டவை அவை.

அவரை வரச்சொல்லி நடந்ததை நானே சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அந்த மூன்று பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"நான் ஒன்னுதான குடுத்தேன்," என்றார். "மூணு இருக்குல்ல."

அந்த மூன்றையும் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தேன். அவை பெருகின, வேர் விட்டன, நிழல்வலைக்குள் வெயிலுக்குப் பழகின. புதிதாகக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அவர் நட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆயுத பூஜை அன்று காலையில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். ஒன்றை உரித்து எனக்குக் கொடுத்தார், ஒன்றை அவர் தின்றார். பழைய ருசி எனக்குத் தெரியாது. அதனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதேதான்," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் சந்தனத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் நெத்திக்கு மட்டும் வச்சுக்க தங்கச்சி."