ஈரத்துணியோடு வந்தவள்

எங்கள் வீட்டு வாசல் கயிற்றில் ஒரு கறுப்பு அரைக்கால் சட்டை காய்கிறது. ஆம்பிளை இல்லாத வீடு இது. என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. என் சேலைக்குப் பக்கத்தில் அந்தச் சட்டை காற்றில் ஆடும்போது, லயத்து வழியாகப் போகிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். நான் சேலையை இழுத்து அதன்மேல் மூடிவிடுவேன். மகள் வந்து சேலையை ஒதுக்கிவிட்டு, "எம்மா, இந்தக் குளிர்ல மூடிப்போட்டா எப்படிக் காயும்?" என்பாள். அவள் வேலைக்குப் போனதும் திரும்பவும் மூடுவேன். அது அவளுடைய சட்டை. நாற்பதைத் தொடப்போகிற என் மகள் இசக்கி அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு லயம் என்றால் தெரியாமல் இருக்கலாம். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் கேட்கும். கல்யாணமாகிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து மலையில் இந்தச் சூரியநெல்லி எஸ்டேட்டுக்கு நான் வந்தபோது, செங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரைவிட்டு வெளியே எங்கும் போனதில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கே எனக்கு வாய் வராது. காலையில் கொழுந்து எடுக்கப் போகுமுன் ஆபீஸ் முற்றத்தில் பேர் கூப்பிடுவார்கள். என் பேர் வந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்தான், "இருக்கா, இருக்கா, இந்தா நிக்கா" என்று குரல் கொடுப்பாள். வேலையை விட்டு நின்ற நாள்வரை என் பேருக்கு நான் பதில் சொன்னதில்லை.

இசக்கி அப்படி இல்லை. ஆனையிறங்கல் அணையில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு விடுகிற இடத்தில், லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற வேலை அவளுக்கு. கூட்டம் இல்லாத நேரத்தில் தானாகவே துடுப்புப் போடப் பழகிக்கொண்டாள். கயாக் என்கிறார்கள். அவரைக்காய் மாதிரி ஒல்லியான பிளாஸ்டிக் படகு, ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம். இந்த வருஷம் ஓட்டமும் கயாக்கும் சேர்ந்த ஒரு போட்டி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம். ஒரு வாரம் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து ரோட்டில் ஓட வேண்டும். இன்னொரு வாரம் மூணாறு ரோட்டில். நடுவில் அணையைக் குறுக்கே துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டும். கடைசி வாரம் எங்கள் எஸ்டேட் வழியாகவே ஓட வேண்டும். எல்லாக் கட்டத்தையும் முடித்தால்தான் முடித்த கணக்கு. ஒன்று விட்டுப்போனாலும் அவ்வளவுதான். முடித்தவளைப் படகு கற்றுக்கொடுக்கிற ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்று அவள் வேலை செய்யும் இடத்தில் சொல்லியிருந்தார்கள். மாட்டிவிடுகிற கையாகவே இருந்து கிழவியாகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

ஓடுகிறவர்களுக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டுமாம், தண்ணீரும் மாற்றுத்துணியும் வைத்துக்கொண்டு கரையில் நிற்க. மற்றவர்களுக்குப் புருஷன், சிநேகிதர் என்று கூலிங்கிளாஸ் போட்டவர்கள் வந்திருந்தார்கள். இவளுக்கு நான். முதல் நாள் பேர் பதிந்த மலையாளத்துப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மேடெ நாடு எவிடெயா?" என்று கேட்டாள். சொந்த ஊர் எது என்று என்னைத்தானே கேட்கிறாள் என்று, செங்கோட்டைப் பக்கம் என்றேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மைக்கில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் இசக்கியம்மாள் என்று அறிவிப்பு வந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சூரியநெல்லியில பொறந்தவம்மா. செங்கோட்டையில எனக்கு யாரத் தெரியும்?" என்றாள். போய் மாற்றச் சொல்லத் தெரியாமல் நான் தண்ணீர்ப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அணையைக் கடக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரையேறும் இடத்தில் காற்றடைத்து ஒரு சிவப்பு வளைவு நிறுத்தியிருந்தார்கள். படகிலிருந்து இறங்கி அந்த வளைவைத் தாண்டும்வரை யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது. இசக்கி காலையிலேயே படித்துப் படித்துச் சொன்னாள். "எம்மா, நான் கீழயே விழுந்தாலும் நீ வரக்கூடாது, என்ன?" சரி என்றேன்.

அவள் வந்து சேர்ந்தபோது காற்று பலமாக இருந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். முடி அவிழ்ந்து முதுகில் ஒட்டியிருந்தது. கரை நிறைய ஆம்பிளைகள், அவ்வளவு பேர் கையிலும் போன். என் மகள் சொட்டச் சொட்ட மேலே ஏறி வருகிறாள்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை ஈரத்துணியோடு தெருவில் வரமாட்டாள். வாய்க்காலில் குளித்தாலும் அங்கேயே மாற்றிக்கொண்டுதான் ஏறுவாள். ஈரத்தோடு தெருவில் நடப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சாவுக்கு. ஈரத்தோடு ஒருத்தி வந்தால் திறந்திருக்கிற வீட்டிலெல்லாம் ஆட்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். மலையேறி வந்தபோது சட்டிபானையோடு இதையும் சேர்த்துக் கொண்டுவந்தோம். இந்த லயத்துத் தெருவில் கடைசியாக ஈரச்சேலையோடு நடந்தவள் நான். இசக்கியின் அப்பாவை எடுத்த அன்றைக்குப் பேச்சியம்மாள்தான் என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று பார்த்தார்கள். சேலை காலைத் தடுக்கத் தடுக்க நடந்தேன். அந்தப் பார்வை இன்றும் என் முதுகில் இருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, நான் ஓடினேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து நான் ஓடினதில்லை. அன்றைக்கு ஓடினேன். வளைவுக்கு இன்னும் நாலெட்டு இருக்கையில் உலர்ந்த துண்டை அவள்மேல் போட்டுப் போர்த்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அய்யோ அம்மே, தொடல்லே!" என்று அந்த மலையாளத்துப் பெண் கத்துவது காதில் விழுந்தது. தொடாதே என்கிறாள் என்று புரிந்தது. புரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. இசக்கி அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து மெதுவாக, மகளுக்குக் குளிரும் என்று பயந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? செத்த வீட்டைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டுமானால் அணையை மறுபடி தனியாகக் கடக்கலாம், ஆனால் அன்றைக்கே கடைசி ஓட்டமும் இருக்கிறது, இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடியுமா என்று இசக்கியிடம் கேட்டார்கள். செய்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுக் கொடுத்தபோதுதான் கேட்டாள். "எம்மா, உனக்கு என்னப் பாத்தா அவ்வளவு வெக்கமா?"

"உன்னப் பாத்து இல்லட்டி. ஈரத்தோட நீ அப்படி வரவும்..." என்று தொடங்கி, அவள் அப்பாவை எடுத்த நாளைச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே தலையைத் துவட்டினாள். "அங்க அத்தன பேரும் நனைஞ்சுதாம்மா இருந்தாங்க. அத்தன பேரு வீட்லயுமா சாவு?"

அதுவரை மகளை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. பேச்சியம்மாள் இரண்டு தடவை வாசலில் வந்து கூப்பிட்டும் தலைவலி என்று கதவைத் திறக்கவில்லை. வேலை விட்டு வந்து இருட்டும்வரை மகள் ரோட்டில் ஓடினாள். கயிற்றில் காய்ந்த சட்டையை நான் மூடவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டுமா என்று கேட்டேன். "வேற யாரு இருக்கா எனக்கு?" என்றாள். கோபமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தெரியவில்லை.

அவள் படகில் ஏறியதும், இந்த முறை ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்வோம் என்று மைக் வைத்திருந்தவரிடம் போனேன். என் மகள் சூரியநெல்லிக்காரி, அப்படியே சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் மைக்கைத் தாழ்த்தி, "எந்தா அம்மச்சி?" என்றார். வாய் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பிளாஸ்க் வைத்திருந்த மேசையைப் பார்த்தார். பாவம் கிழவிக்குக் குளிர்கிறது என்று நினைத்து ஒரு பேப்பர் கப்பில் தேயிலைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இசக்கி வந்தாள். அன்றைக்கு அலை இன்னும் அதிகம். இறங்கும்போது கால் மடங்கி முழங்கால் சேற்றில் பட எழுந்தாள். நான் இரண்டு கையையும் சேலை முந்தியில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நடுங்கிக்கொண்டே வளைவைத் தாண்டி, நேரே என்னிடம் வந்தாள். துண்டை வாங்கவில்லை. தண்ணீரை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, ஈரத்தோடு என்னை ஒரு பக்கமாகச் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். "பரவால்லம்மா, கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டியே" என்று காதில் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள்.

கடைசி ஓட்டம் எங்கள் லயத்துத் தெரு வழியாக மேலே மைதானத்துக்குப் போகிறது. நான் தேயிலைக்குள் புகுந்து குறுக்குப்பாதையில் ஏறினேன். இடது பக்கம் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழேவரை சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்ததை, தெருவுக்குள் வந்த பிறகுதான் கவனித்தேன். வாசலுக்கு வாசல் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

பேச்சியம்மாள் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ மயினி, இப்பத்தான் ஒம் மக தலையோட நனைஞ்சு ஓடுதா, பின்னாலயே நீயும் ஈரத்தோட வார! யாரு போயிட்டா? ஊர்ல ஒங்க அண்ணனா? போன் வந்துச்சா?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"யாரும் போகல மயினி. அண்ணன் நல்லா இருக்காக. இசக்கி அணையத் துடுப்புப் போட்டுக் கடந்துட்டு ஓடுதா. அவ கட்டிப்பிடிச்சதுல நான் நனைஞ்சிட்டேன்" என்றேன். தெருவே கேட்கும்படி என் குரல் வந்ததை நானே கேட்டேன்.

பேச்சியம்மாள் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள். "நல்ல கூத்து போ. அடுப்புல சோத்தப் போட்டுட்டு அழ வந்துட்டேன்."

அப்போது மேலே மைதானத்து மைக் கேட்டது. எல்லாக் கட்டத்தையும் முடித்துவிட்ட பெண் என்று மலையாளத்தில் சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து வந்த இசக்கியம்மாள் என்றார்கள். கைதட்டல் கேட்டது.

"யாருட்டி தமிழ்நாட்டுக்காரி?" பேச்சியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "இந்தா இந்த வீட்டுக்குள்ள நான்தான அவ தொப்புள்கொடிய அறுத்தேன். போய்ச் சொல்லு அவங்ககிட்ட."

"நீயும் வா மயினி. எனக்கு வாய் வராது."

"சோத்த எறக்கிட்டு வாரேன். நீ மொதல்ல உள்ள போய் அந்த ஈரத்த மாத்து. இப்படியேவா போவ?"

வாசல் கயிற்றில் என் மாற்றுச்சேலை காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அவளுடைய இன்னொரு கறுப்புச் சட்டை. உள்ளே போகக் காலெடுத்துவிட்டேன். மறுபடியும் கைதட்டல் கேட்டது. மாற்றாமல் மேலே நடந்தேன். வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சேலையின் ஒரு பாதி அணைத் தண்ணீரில் கனத்துக் காலைத் தடுக்கியது. மறுபாதி உலர்ந்து காற்றில் படபடத்தது.