காலிப் பையோடு வந்தவர்

நான் கல்யாணமாகிப் பேரிகைப் பக்கம் வந்த ஐம்பதுகளில், எங்கள் ராகியைக் குலைநோய் வருஷம் தவறாமல் கெடுத்துக்கொண்டிருந்தது. கதிர் வரும், கழுத்து கறுக்கும், உள்ளே மணி இருக்காது. அந்தச் சமயத்தில்தான் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். அவர்களுடைய ஆராய்ச்சிப் பண்ணையில் நோய் தாங்கி நின்ற ராகி விதை ஒரு பை வைத்திருந்தார். ஊரில் யாரும் வாங்கவில்லை. என் மாமனார் மட்டும் வாங்கிக்கொண்டார். அறுவடையானதும் அதே பை நிறைய விதை திருப்பித் தரவேண்டும், அது அடுத்த ஊருக்குப் போகும் என்பது பேச்சு. கொடுத்த வாக்கைத் தவறாதவர் என்ற பெருமை மாமனாருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்த வருஷமும் ஊர் ராகி பதராய்ப் போனது. எங்கள் துண்டு நிலம் மட்டும் நின்றது. தூற்றிக் குவித்த அன்று களத்தில் சுற்று வட்டாரமே கூடிவிட்டது. களத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தமிழில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள். மாமனார் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார்.

நான் பொறுக்கமாட்டாமல், "மாமா, காலேஜுக்காரருக்கு?" என்றேன்.

"களத்துல வந்து நிக்கறவங்கள எப்பிடிம்மா போகச் சொல்றது?" என்றார்.

கடைசியில் களத்தைக் கூட்டி அள்ளியதுதான் எங்களுக்கே விதைக்கு மிஞ்சியது.

கல்லூரிக்காரர் காலிப் பையோடு வந்து காலிப் பையோடு திரும்பினார். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "எல்லாரும் தின்னுருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். மாமனாருக்கு அது போதுமாயிருந்தது. அதன்பிறகு பஸ் சத்தம் கேட்டாலே மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். வீறாப்பாக இருந்த மனிதர் அப்படிக் குன்றிப்போனது எனக்குத் தாங்கவில்லை.

மறு வருஷம் கதிர் பிடிக்கும் காலத்தில் கல்லூரிக்காரர் மறுபடி வந்தார். முழங்கால் வரை சேறு. மாமனார் வழக்கம்போல் கொட்டகையில்.

"வழியெல்லாம் பாத்துட்டு வரேன்மா. ஒவ்வொருத்தர் நிலத்துலயும் ஒரு மூலை நோயில்லாம நிக்குது. யாரும் தின்னலைங்க, வெதைச்சிருக்காங்க" என்றார்.

அந்த ராகியில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவரையும் அவரை அனுப்பிய கல்லூரியையும் நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மாமனார் சாணிக் கையோடு வெளியே வந்து நின்றார்.

"பெரியவரே, அடுத்த ஊர்ல நான் சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீங்க கூட வரணுங்க."

மாமனார் கையைக் கழுவிக்கொண்டு, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையை எடுத்துவரச் சொன்னார்.