உப்புக்கு இளகாத உறை

தீவு ஊரான ஊர்காவற்றுறையில் எது பழுதானாலும் காரணம் ஒன்றுதான்: உப்பு. நிலாந்தியின் முதல் இரண்டு வருட ஆராய்ச்சியையும் அதுவே தின்றது.

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில், கிணற்று நீரில் ஈயம் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கரைசலொன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத பொன் துகள்கள் நீரில் விலகி மிதந்தால் நிறம் சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டினால் நீலம். ஈயம் அவற்றை ஒட்டவைக்கும். தீவு நீரின் உப்பும் அதையே செய்தது. எந்தக் கிணற்று நீரை விட்டாலும் நீலம்.

"பிள்ளை, உன்ரை பொன்னுக்கும் எங்கடை தண்ணி பிடிக்கேல்லை போல," என்று சிரித்தார் அப்பா பத்திநாதர். கடலுக்குப் போவதை விட்டாலும் பகிடியை விடாதவர்.

மூன்றாம் வருடம் துகள்களின் மேலுறையை மாற்றினாள். ஒரு முனையில் கந்தகம் கொண்ட சிறு கரிமச் சங்கிலிகள். கந்தகம் பொன்னை இறுகப் பிடித்தது. மறுமுனை துகள்களை விலக்கி நிறுத்தியது. உப்புக்கு அசையாத அந்த உறை ஈயத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. இறங்குதுறையில் அள்ளிய கடல்நீரிலும் ஆறு நாள் சிவப்பாகவே நின்றது. அப்போது அவள் வயிற்றில் நான்கு மாதப் பிள்ளை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அயலில் ஏழு கிணறுகளைச் சோதித்தாள். ஏழும் சிவப்பு. கடைசியாகத் தங்கள் வீட்டுக் கிணறு. போத்தலில் நிறம் ஊதாவாகி, பார்த்துக்கொண்டிருக்கவே நீலமானது.

"உப்புத்தான்," என்றார் பத்திநாதர்.

"கடல் தண்ணிக்கே மாறேல்லை, அப்பா."

மூன்று தரம் செய்தாள். மூன்று தரமும் நீலம். பிறகுதான் வாளியைப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாளி மிதக்கும். சரிந்து தண்ணீர் அள்ளவென்று அதன் விளிம்பில் வலையின் ஈயக்குண்டுகளை அப்பா கட்டியிருந்தார்.

"உதை எப்ப கட்டினனீங்கள்?"

"இந்த வாளிக்குப் போன வருசம். முந்தின வாளியளிலை கட்டினது எத்தினை அறுந்து விழுந்திருக்கும்! கிணத்துக்கு அடியிலை ஒரு வலைக்குப் போதுமான குண்டு கிடக்கும்." சிரித்தவர் அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "ஏன் பிள்ளை? கொம்மாவும் உந்தத் தண்ணியைத்தானே குடிச்சவ."

நிலாந்திக்கு முன்னே, அம்மா இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்திநாதர் குண்டுகள் கட்டிய கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தார். அறுக்காமலே திரும்ப வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், ஈயம் இருக்கிறதா என்று பார்க்க நிலாந்தியின் இரத்தம் எடுத்தார்கள். முடிவு கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள்.

அதற்குள், ஒரு வியாழக்கிழமை, குழந்தை முதன்முதலாக அசைந்தது. அவள் யாருக்கும் சொல்லவில்லை.