பைபிளுக்குள் ஒரு மாட்டு வில்லை

போன செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு பசுமாடு என் மானத்தைக் காப்பாற்றியது. நம்ப மாட்டீர்கள்... சொல்கிறேன்.

பேங்க்கில் எனக்கு மாட்டுக்கடன் செக்‌ஷன். கடன் கொடுத்தால் மட்டும் போதாது, கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு வகுப்பும் எடுக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பால் வற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், வைக்கோலை மலிவாக இருக்கும்போதே வாங்கிப் போடுங்கள், மாட்டை இன்ஷூர் செய்யுங்கள் — இதெல்லாம் பாடம். போன மாதம் வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு மாட்டின் காதில் மாட்டியிருந்த இன்ஷூரன்ஸ் வில்லையைக் காட்டி முழங்கினேன்: "மாடு செத்தா இந்த வில்லை இருந்தாத்தான் பணம். தொலைச்சீங்க... ஒரு பைசா கிடையாது!"

கைதட்டல் வேறு!

செவ்வாய்க்கிழமை அந்த ஊருக்குப் போனால், என்னிடம் மாட்டுக்கடன் வாங்கி, வகுப்புக்கும் வந்திருந்த எஸ்தர் அம்மாவின் வீட்டு வாசலில் கூட்டம். அவருடைய ஒரே பசு வயிறு உப்பிக் கீழே கிடக்கிறது. அதன் பாலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. மாட்டு டாக்டர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். நான் மெதுவாக மாட்டின் காதைப் பார்த்தேன். ஓட்டை இருந்தது. வில்லை இல்லை.

"வில்லை எங்கேம்மா?"

"பத்திரமா கீது சார்!" உள்ளே ஓடியவர், பைபிளுக்குள்ளிருந்து எடுத்துவந்து நீட்டினார். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"ஐயோ, ஏம்மா கழட்டினீங்க?"

"நீங்கதான சார் தொலைச்சா துட்டு வராதுன்னீங்கோ? இது முள்ளுல பூந்து மேயுற மாடு. எங்கனா மாட்டிக்கினு வில்லை பூட்ச்சுன்னா? அதான் கொறட்டால நெம்பி எடுத்து வெச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வில்லை காதிலேயே இருக்க வேண்டும் என்று நான் சொன்னேனா? இல்லையே! இதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டேன். வகுப்பெடுப்பவர்களுக்கே உள்ள வியாதி இது. காதிலிருந்து கழட்டிய வில்லையை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்காது; இப்போது மாடு செத்தால் பாலும் போச்சு, பணமும் போச்சு, கடன் மட்டும் நிற்கும். எல்லாம் என் வகுப்பின் புண்ணியம்!

டாக்டர் மூங்கில் குழாயில் மருந்தைப் புகட்டி, வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எஸ்தர் அம்மா கர்த்தரைக் கூப்பிட்டார், நான் முருகனைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பசு ஓர் ஏப்பம் விட்டது பாருங்கள்... அத்தனை இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. தள்ளாடி எழுந்து நின்றது. எஸ்தர் அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

புது வில்லைக்கு அங்கேயே எழுதினேன். "இது காதுலயே இருக்கணும்மா!"

"இனிமே கர்த்தரே வந்து கேட்டாலும் கயட்ட மாட்டேன் சார்!"

சிரித்துக்கொண்டே சைக்கிளில் கிளம்பினேன். பாதி வழியில் பிடித்தது மழை. தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தேன். "குடை எங்கே?" என்றாள் மனைவி.

புதுக் குடை. எங்காவது மறந்து வைத்துவிடுவேனோ என்று பயந்து, வாங்கிய நாளிலிருந்து பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்!