சம்பந்தியம்மாவின் மொட்டை

மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். மகளுக்கு அப்போதுதான் கெர்லிங்கிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. பையன் கேட்டதற்குப் பதில் சொல்கிறவன். அவன் அம்மா, பெண் பார்க்க வந்த அன்றே என் மகளின் தட்டில் இன்னொரு வடையை வைத்துச் சாப்பிடச் சொன்னவர். இந்த நேரம் பார்த்தா இது வரவேண்டும்? விஷயம் வெளியே போனால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கு வராமலா போகும் என்பார்கள். அதோடு கல்யாணம் நின்றுவிடும்.

ஆகவே கீமோவில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும் மிச்சத்தையும் மழித்துவிட்டு, மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க மொட்டை போட்டுக்கொண்டேன் என்று எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் ஈஜோக்கில் யாரும் சந்தேகப்படவில்லை. மொட்டையைப் பார்த்தால் நோயை நினைக்கிற ஊரா இது? பக்கத்து வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். மாதங்கள் போயும் ஏன் முளைக்கவில்லை என்று கேட்டவர்களிடம், கல்யாணம் முடியும்வரை மழித்துக்கொண்டே இருப்பதாக வேண்டுதல் என்றேன். என் பக்தியின் புகழ் கெர்லிங் வரை பரவியது. பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளைக் கூட்டிவந்து என் காலில் விழ வைத்தார்கள். நானும் கூசாமல் திருநீறு பூசி அனுப்பினேன். வாந்தி எடுத்துப் படுத்துக் கிடக்கும் நாட்களில் விரதம் என்று சொல்லிக்கொள்வேன்.

தொல்லை கொடுத்தது வேன்தான். புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று எங்கள் பக்கத்து நோயாளிகளை இலவசமாகக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும். நல்ல காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேனுக்கு ரோஜா நிறம் அடித்து, புற்றுநோய் என்று மூன்று மொழிகளில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எந்த மடையனின் யோசனையோ தெரியவில்லை. அதை வாசலுக்கு வரவிடாமல், முச்சந்தி ரொட்டி சானாய் கடைக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லி, திருடி மாதிரி போய் ஏறுவேன்.

வேனில் எங்களோடு வருபவர் சங்கத்தின் தொண்டர், கோலசிலாங்கூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை, வேண்டாம் என்றாலும் விடமாட்டார். சங்கம் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது, இந்த நோய் குடும்பத்தில் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள், நீங்களும் மகளும் ரத்தம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று ஒருநாள் விளக்கினார். என் ரத்தத்தை வாளி வாளியாக எடுத்துக்கொள்ளுங்கள், மகள் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றேன். அவர் நீட்டிய படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

என் மகளோ ரத்தம் கொடுக்கத் தயார், விஷயத்தைச் சொல்லவும் தயார். "இப்பவே சொல்லிடும்மா. பின்னால தெரிஞ்சா இன்னும் அசிங்கம் லா" என்பாள். பரிசம் முடியட்டும் என்று அடக்கி வைத்தேன்.

பரிசத்துக்கு முந்தின வாரம் சம்பந்தியம்மா பலகாரப் பையோடு கெர்லிங்கிலிருந்து தனியாக வந்து இறங்கினார். தலையில் துண்டு. நாற்காலியில் உட்கார்ந்து துண்டை எடுத்தார். மொட்டை. இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடி அவருக்கு. அதற்கு எண்ணெய் தடவவே தனி ஆள் வேண்டும் என்று மகளிடம் நான் கேலி பேசியிருக்கிறேன். பெண்ணைப் பெற்றவர் மட்டும் வேண்டுதலைச் சுமப்பது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியதாம். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டு அவரும் இறக்கிவிட்டாராம். காப்பி கலக்கிறேன் என்று அடுப்படிக்கு ஓடினேன்.

அந்த நேரத்தில்தானா டீச்சர் வரவேண்டும்! போன தடவை காய்ச்சலென்று நான் வேனில் போகவில்லை. எப்படி இருக்கிறேன் என்று பார்க்க, பால்மாவும் சங்கம் கொடுக்கும் பொய்முடியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் இன்னொரு மொட்டையைப் பார்த்ததும், அவரும் நோயாளிதான் என்று முடிவுகட்டிவிட்டார்.

"எத்தனாவது கீமோம்மா ஒங்களுக்கு? பயப்படாதீங்க. இந்த வீட்டுக்காரவங்களப் பாருங்க, எவ்ளோ தைரியமா ஊசி போட்டுக்கிட்டு வர்றாங்க" என்று அவர் சொல்வது அடுப்படிக்குக் கேட்டது.

நான் ஓடி வருவதற்குள் பொய்முடி சம்பந்தியம்மாவின் தலையில் ஏறியிருந்தது. குட்டையாக வெட்டிய முடி. அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் அதை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தார். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் காத்திருப்பதாக ஏதோ முனகிவிட்டு, முதல் தடவையாக யாருக்கும் ஆறுதல் சொல்லாமல் வெளியேறினார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோய் எனக்குத்தான், மகள் சொல்லச் சொல்லியும் மறைத்தது நான், அவள்மேல் பழி போடாதீர்கள், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

"என்னா சம்பந்தி நீங்க" என்றார். "அம்புட்டு முடியையும் எறக்கிட்டு வந்திருக்கேன். பிள்ளைங்களுக்கு மட்டுந்தானே கேட்டேன். ஒங்களுக்குன்னு ஒண்ணுமே கேக்கலையே."

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அழுததில்லை. ஊசி ஏறும்போதும் இல்லை, முடி கொட்டியபோதும் இல்லை. அன்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனிமேல் எனக்காக இறக்கத் தன்னிடம் முடி எங்கே இருக்கிறது என்று அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.