தொக்தாரின் அசையாத நட்சத்திரம்

அல்மாத்திக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் வானாய்வகத்தில், இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத ஒரே மனிதர் தொக்தார். அவருக்கு வாய்த்ததோ பொறுமைக்காரர்களின் வேலை: நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்று அளப்பது. ஒன்றாகப் பிறந்து ஒரே கூட்டமாகத் திரியும் சில நட்சத்திரங்களை வருடக்கணக்கில் அளந்தார். ஒப்பிட்டு அளக்க, வெளிச்சம் மாறாத ஒரு நட்சத்திரம் அளவுகோலாக வேண்டும். கூடப் பிறந்தவற்றுக்கு முன்பே பருத்து ஆரஞ்சு நிறமாக முதிர்ந்துவிட்ட ஒன்றை அதற்கு வைத்துக்கொண்டார். முதிர்ந்ததன் வெளிச்சம் அசையாது என்று நம்பினார்; தன்னை அவர் கண்ணாடியில் பார்த்ததில்லை போலும்.

அந்த ஆரஞ்சோடு ஒப்பிட்டதில் பத்து நட்சத்திரங்கள் மங்கி மங்கித் தெளிந்தன. அளவுகோல் சரிதானா என்று பார்ப்பதற்கென்றே வைத்திருந்த பதினோராவதும் அப்படியே செய்தது. வேறொருவர் அங்கே சந்தேகப்பட்டிருப்பார். தொக்தார் அதையும் கண்டுபிடிப்பில் சேர்த்துக்கொண்டார்.

ஐம்பது தாண்டி முனைவர் பட்டம். மறுநாள் காலை தேர்வுக் குழு, மதியம் விருந்து. ஆடு அறுத்தாகிவிட்டது; மனைவி குல்பாஷின் உறவுகள் தராஸில் ரயில் ஏறிவிட்டன. தேர்வுக்கு முந்தின மாலை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பதினோரு வரைகோடுகளையும் வீட்டுக் கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒரே கோடுதான் தெரிந்தது. பதினொன்றும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மங்குமா? அவை சும்மா இருந்திருக்கின்றன, அசைந்தது ஆரஞ்சின் வெளிச்சம்.

எழுந்தார், காலணியை மாட்டினார், கழற்றினார். அவரை அகா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடும் நான் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன்; என்னிடம், "பேசாம நாளைக்கு இருக்கறதையே குழு முன்னால படிச்சிடட்டுமா?" என்றார்.

"படிங்க அகா. குழுவுல யாரு இதையெல்லாம் அடுக்கிப் பாக்கப் போறா?"

குல்பாஷ் மாவு பிசைந்த கையோடு வந்தார். "என்னவாம்? தணல மிதிச்ச மாதிரி நடக்குறீங்க?"

"பதினொண்ணும் தப்பு. சொன்னா பட்டம் தள்ளிப்போயிடும்."

"சொல்லலன்னா?"

"கெடைக்கும்."

"கெடைச்சா தூங்குவீங்களா?"

"இப்பவே எங்க தூங்குறேன்."

"அப்ப சொல்லிட்டு வாங்க. நானாவது தூங்கணும்."

சொன்னார். குழு அவர் நேர்மையை வாயாரப் புகழ்ந்து, மொத்தத்தையும் திரும்ப அளந்துவரச் சொல்லி அனுப்பிவிட்டது.

விருந்து நின்றுவிடவில்லை. ஆட்டுத் தலை, மரியாதைப்படி, குல்பாஷின் அண்ணன் சகின்திக் முன் வைக்கப்பட்டது. சொல்பேச்சு கேட்கட்டும் என்று சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும் காதை அவர் நறுக்கி, தொக்தாரிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. இத்தன வருஷம் ஒருத்தன் பேச்சையே கேட்ட. இனிமே மத்த பதினோரு பேரு சொல்றதையும் கொஞ்சம் கேளு."

தொக்தார் காதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிப்பதற்குள் எழுந்துவிட்டார், வேறு அளவுகோல் தேட.